சொல்லத் தெரியாத கால்

சென்னை கால்பந்து லீகில் பல வருடம் மிட்ஃபீல்டில் ஆடியவன் நான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அலுவலக வேலையும் கிடைத்தது. காலையில் பிராக்டிஸ், அப்புறம் ஃபைல். முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்ததும் ஆட்டம் நின்றது. சரி, கோச் ஆகிவிடலாம் என்று முடிவெடுத்தேன். ஆடத் தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு வேலையா?

கோச்சுகளுக்கான டி லைசென்ஸ் வகுப்பில் பயிற்றுநர் என்னை எழுப்பிக் கேட்டார்: "பந்து உங்களிடம் வருகிறது. முதுகுக்குப் பின்னால் ஒரு டிஃபெண்டர். என்ன செய்வீர்கள்?"

"திரும்பிடுவேன் சார்."

"எப்படி?"

எழுந்து போய் செய்து காட்டப் பார்த்தேன். "காட்ட வேண்டாம், சொல்லுங்கள்" என்றார். வாயில் ஒன்றும் வரவில்லை.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். பந்து கிளம்பி வரும்போதே தோளுக்கு மேல் ஒரு பார்வை. வந்து சேரும் முன் இன்னொன்று. உடம்பு பந்துக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் திறந்திருக்க வேண்டும். பந்தை முன்காலில் அமுக்காமல், தாண்டவிட்டு, பின்னால் தள்ளியிருக்கும் காலில் வாங்க வேண்டும். அந்த முதல் தொடுதலே திரும்புதல் ஆகிவிடும். என் கால் அத்தனை வருடமாக இதைத்தான் செய்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தோடு பத்து வயதுப் பையன்களிடம் போய் நின்றால், அது அவர்களுக்குப் பாடம் நடத்துவது மாதிரிதான். இரண்டாவது வாக்கியத்திலேயே ஒருவன் புல் பிடுங்க ஆரம்பித்துவிடுவான். செய்து காட்டினாலோ கை தட்டுவார்கள், அவ்வளவுதான். பழைய ஆட்டக்காரர்கள் பலர் அந்தக் கைதட்டலிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நான் ஒரு விளையாட்டு வைத்தேன். பந்து வாங்குபவனுக்குப் பின்னால் நின்று விரல் காட்டுவேன். பந்து காலுக்கு வரும் முன் அவன் எண்ணைக் கத்த வேண்டும். முதல் வாரம் "மூணு!" என்று சரியாகக் கத்துவார்கள், பந்து காலுக்கடியில் போய்விடும். ஒருவன் மட்டும் திரும்பியே பார்க்காமல் எப்போதும் "ரெண்டு!" என்பான், பாதி நேரம் சரியாகவும் இருக்கும். அவனுக்காகவே மூடிய முஷ்டியைக் காட்ட ஆரம்பித்தேன். சில வாரங்களில் விரல் இல்லாமலேயே தலைகள் திரும்பின. 'தோளுக்கு மேல் பார்' என்று நான் சொல்லவே இல்லை.

இந்த வழி புதிதல்ல. 1950 முதல் 1963இல் இறக்கும் வரை இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்த சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியர்; தானும் பந்தாடியவர். ஒற்றைத் தொடுதலில் பாஸ் கொடுக்கப் பழக்க டிரிப்ளிங்கே, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவதே, கூடாத போட்டிகளை நடத்தினார். இரண்டு காலும் வர வேண்டும் என்பதற்காகப் பலவீனமான காலால் மட்டுமே ஆடும் போட்டிகளும் வைத்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நெற்றியில் தையலோடு இருந்த டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார். இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது. விதியையும் இடத்தையும் மாற்றினால் பாதிப் பாடம் தானாக நடந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தொழில்முறையில் ஆடாத இத்தாலியக் கோச் அரிகோ சாக்கி, ஏசி மிலன் கிளப்புக்கு 1989இலும் 1990இலும் ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அவரிடம் ஆடிய கார்லோ அன்செலோட்டி, கோச்சாகி அதே கோப்பையை, இப்போதைய பெயரில் சாம்பியன்ஸ் லீக்கை, ஐந்து முறை வென்றார். ஆகவே ஆடியிருக்க வேண்டுமா, வேண்டாமா என்ற டீக்கடைச் சண்டையில் நான் இப்போது கலந்துகொள்வதில்லை.

ஒரு தலைவலி மட்டும் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேட்சில் கோட்டோரம் நின்று அப்பாக்கள் "அடி, அடி, ஷூட் பண்ணுடா" என்று கத்துவார்கள். அவ்வளவு பாடுபட்டுத் திருப்பப் பழக்கிய தலை, பந்து வரும் நேரத்தில் அப்பாவைப் பார்க்கும். போன சீசனிலிருந்து பெற்றோர் எல்லோரையும் எதிரணி கோலுக்குப் பின்னால் நிறுத்திவிட்டேன். பையன் எப்படியும் அந்தப் பக்கம் பார்த்துத்தானே ஆட வேண்டும். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது அவர்களும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பு.