முதியவருக்கு எத்தனை புள்ளி? – பாத்திரம் உருவாக்கலில் வயதும் தேர்ச்சியும்

ஈரோட்டில் விடுமுறை நாட்களில் கூடி, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் எங்கள் குழுவுக்காக, கொடுமணலை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு கற்பனை நாட்டை எழுதி வருகிறேன். நொய்யலின் வடகரையில் கல்மணிப் பட்டறைகளும் இரும்பு உலைகளும் இருந்ததாக அகழாய்வுகள் காட்டிய அவ்வூரில், மந்திரமும் பூதங்களும் இருந்திருந்தால் எப்படியிருக்கும் என்பதே அதன் அடிப்படை. அதில் 58 வயது மணித்தொழிலாளி ஒருவரும், மாடு மேய்க்கும் 17 வயதுப் பெண்ணும் ஒரே பயணத்தில் புறப்படுகிறார்கள். இருவரையும் ஏற்று ஆடுபவர்களுக்கு ஆட்டத்தில் சம இடம் கிடைக்க வேண்டும். முதியவரின் 40 ஆண்டு உழைப்பும் வெறும் பேச்சாகிவிடக் கூடாது.

1977-இல் வெளியான, இதே வகை ஆட்டமான டிராவலரில், 18 வயதில் தொடங்கும் பாத்திரத்துக்கு ஒவ்வொரு நான்காண்டுப் பணிக்காலத்திலும் திறன்கள் சேர்கின்றன. 34 வயது முதல் உடல் தளர்ச்சிக்கும் பகடை உருட்ட வேண்டும். பாத்திரம் ஆட்டம் தொடங்குமுன்பே இறந்துபோகவும் கூடும். தேர்ச்சிக்கு உரிய விலையைக் கேட்கும் இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தின், 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பிலோ, 70 வயதை எட்டும் மனிதருக்கு உடல்சார்ந்த மூன்று பண்புகளில் ஒவ்வொன்றிலும் மொத்தம் 6 புள்ளி குறைகிறது, மனம்சார்ந்த மூன்றில் ஒவ்வொன்றிலும் 3 கூடுகிறது. வாள்வீரருக்கு இது பேரிழப்பு. பின்வரிசையில் நின்று மந்திரம் செலுத்துபவருக்கோ பெரும்பாலும் வரவுதான்.

ஆகவே என் ஆட்டத்தில், திறன்களைப் பெறுவதற்கான புள்ளிகளை இருவருக்கும் ஒரே அளவில் கொடுத்து, அவற்றைச் செலவிடும் வழியை மட்டும் வேறுபடுத்தினேன். முதியவர் தம் புள்ளிகளில் பெரும்பகுதியைத் தொழிலிலும், ஊர் ஊராக உள்ள அறிமுகங்களிலும் இட வேண்டும். ஆனால் அவர் அறிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கடமையோ பழைய பகையோ உண்டு. இளையவள் குறைவாகவே அறிந்திருப்பாள். எனினும் தோற்கும் ஒவ்வொரு முயற்சியும் அவளுக்கு ஒரு கற்றல் புள்ளியைத் தரும்.

இடிந்த கருவூலம் ஒன்றில் இதைச் சோதித்தோம். “அப்புச்சி, இந்தக் கல்லு தாங்குமுங்களா?” என்று அவள் கேட்க, “தாங்காது கண்ணு, நரம்பு ஓடியிருக்குது பாரு” என்று அவர் பகடையே உருட்டாமல் சொன்னார். தம் தொழிலுக்குட்பட்ட எளிய செய்திகளில் முதியவருக்குப் பகடை தேவையில்லை என்ற விதி அங்குதான் பிறந்தது. அடுத்த கணம் உத்தரம் சரிந்தபோது அவரால் விலக முடியவில்லை. கயிற்றை வீசி இழுத்தவள் அவள்தான். இரண்டு முறை கயிறு நழுவியதில் அவளுக்குச் சேர்ந்த புள்ளிகளைக் கொண்டு, அன்றே அவளுக்குக் கயிறேறும் திறனைப் பதிந்துகொண்டோம்.

இனி எஞ்சியிருப்பது, எங்கள் கற்பனை நாட்டில் இன்னொரு பாத்திரமான முந்நூறு வயது யட்சியின் கணக்கு. மனிதருக்குரிய ஆண்டுக் கணக்கை அவளுக்கும் பொருத்தினால் மற்றவர்களுக்கு வேலையே இராது. மனிதரோடு கலந்து வாழ்ந்த ஆண்டுகளை மட்டுமே தேர்ச்சியாகக் கொள்வது என்று எழுதியிருக்கிறேன். அடுத்த ஆட்டத்தில் அவளையும் கருவூலத்துக்குள் அனுப்பிப் பார்க்கவிருக்கிறோம்.