கிளட்ச் மாற்றிய பிறகு வந்த மிஸ்ஸிங்

பழுது பார்த்து எடுத்து வந்த வண்டியில் முன்பு இல்லாத ஒரு கோளாறு தலைகாட்டினால், அதைத் தனிக் கோளாறாகக் கருதி உதிரிபாகங்களை மாற்றத் தொடங்குவதற்கு முன்னால், அந்த வேலைக்காக எதையெல்லாம் கழற்றினார்கள் என்று விசாரிப்பதுதான் முறை. எங்கள் பெட்ரோல் காருக்குச் சென்ற ஆண்டு நேர்ந்தது இந்த எண்ணத்தை எனக்கு உறுதிப்படுத்தியது.

குன்னூர் மலைப்பாதையில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் இரைந்ததே தவிர வண்டி அதற்கேற்ப இழுக்கவில்லை என்பதால், கிளட்ச் தேய்ந்துவிட்டது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. கோவையில் நாங்கள் வழக்கமாக வண்டி விடும் ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிக் கொடுத்தார்கள். பெடல் இலேசாகிவிட்டது, இழுவையும் திரும்பிவிட்டது. இவற்றோடு, இறக்கிய கியர்பாக்ஸின் வெளிக்கூட்டைக் கழுவி, வெள்ளி நிற பெயின்ட் அடித்துப் புதிதைப் போல ஆக்கியிருந்தார்கள். பானெட்டைத் திறந்து காட்டியபோது உண்மையிலேயே பார்க்க நன்றாக இருந்தது.

அன்று இரவு அவினாசி சாலையில் சிக்னலுக்காக நின்றபோதுதான் முதன்முதலாக எஞ்சின் குலுங்கியது. ஏசியும் ஹெட்லைட்டும் ஓடிக்கொண்டிருந்தால் ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம், நிலைகொள்ளவில்லை. விளக்கின் வெளிச்சம் மங்குவதும் தெளிவதுமாக இருந்தது. ஏசியை நிறுத்திவிட்டால் பாதிக் குலுக்கல் அடங்கிவிடும். காலையில் சாவியைத் திருப்பும்போது செல்ஃப் மோட்டாரும் முன்பு போல விறுவிறுப்பாகச் சுற்றவில்லை. செக் எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கியதும் வண்டியை அதே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனரில் இரண்டு குறியீடுகள் வந்தன: ஒன்று பி 0300, அதாவது குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் என்றில்லாமல் மாறி மாறி மிஸ்ஸிங் ஆகிறது (பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுகிறது) என்பது, மற்றொன்று பி 0562, வண்டியின் மின்னழுத்தம் குறைவாக இருக்கிறது என்பது. இரண்டாவதை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. முதலில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள், பயனில்லை. அடுத்தது பிளக்கில் பொறி எழ மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், அதுவும் இல்லையென்றால் பெட்ரோல் பம்ப் என்று பட்டியல் நீண்டது. "வண்டி பழசுங்க சார், ஒண்ணச் சரி பண்ணுனா அடுத்தது தலைதூக்கத்தான் செய்யும்" என்றார் சூப்பர்வைசர்.

அவருடைய வாதத்தை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. பழைய வண்டியில் இரண்டு கோளாறுகள் ஒரே வாரத்தில் வருவது உண்டு. ஆனால் கிளட்ச் மாற்றிய உடனேயே மூன்று அறிகுறிகள் சேர்ந்து வந்து, அவற்றில் இரண்டு, அதாவது மங்கும் விளக்கும் சோம்பும் செல்ஃப் மோட்டாரும், பெட்ரோலுக்குத் தொடர்பே இல்லாதவையாக இருக்கும்போது, பம்ப்பின் மீது பழி போடுவது எப்படிப் பொருந்தும்?

சிங்காநல்லூர்ப் பக்கம் இருந்த ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வியே "கடைசியா என்ன வேலைங்க நடந்துச்சு?" என்பதுதான். கிளட்ச் என்றதும் ஸ்கேனரை எடுக்காமல் மல்டிமீட்டரை எடுத்தார். எஞ்சின் அணைந்திருக்கையில் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது, அதில் குறையில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். எங்கள் வண்டியிலோ ஏசியைப் போட்டதும் அளவு 12-க்கும் 13-க்கும் இடையே துள்ளிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் மேலேயே மீட்டரை வைத்துப் பார்த்தபோது 14-க்கு மேல் நிலையாகக் காட்டியது. உற்பத்தியில் குறையில்லை, வழியில்தான் ஏதோ தொலைகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஏறக்குறைய 0.2 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய அளவு ஒன்றரை வோல்ட்டைத் தாண்டியது.

செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடியது. 150 ஆம்பியர் பாயும் பாதையில் 0.01 ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் வீணாகிவிடும். அவ்வளவு மின்னோட்டமும் பேட்டரிக்குத் திரும்புவது, அதன் நெகட்டிவை எஞ்சினோடு இணைக்கும் எர்த் வயர் வழியாகத்தான். ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில்கள், பல சென்சார்கள் ஆகியவற்றுக்கும் எஞ்சின் பிளாக்கே பொது எர்த். அந்த எர்த் இணைப்பு பிடிப்பில்லாமல் போனால் காயிலுக்கு வேண்டிய அழுத்தம் கிடைக்காமல் பொறி பலவீனமாகி, மிஸ்ஸிங் என்ற பெயரில் வெளியே தெரிகிறது. "கிளட்ச் கேபிளத் தொட்டுப் பாருங்க" என்றார் அவர். தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. சரியான வழி அடைபட்டதால் மின்சாரம் அந்தக் கேபிளின் இரும்பு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

எர்த் வயரின் மறு முனை கியர்பாக்ஸின் மேல் ஒரு போல்ட்டில் பூட்டப்பட்டிருந்தது. கியர்பாக்ஸை இறக்க வேண்டுமானால் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். திரும்பப் பூட்டியபோது போல்ட்டை முழுமையாக இறுக்கவில்லை. அதைவிட முக்கியமாக, வயரின் வளையம் உட்கார வேண்டிய இடத்திலும் அந்த அழகான வெள்ளிப் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தது. உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, வளையத்தை வைத்து ஸ்பேனரால் இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலினைத் தடவிவிட்டார். ஏசி, ஹெட்லைட் எல்லாவற்றையும் போட்டும் பேட்டரியில் 14.2 அசையாமல் நின்றது. குலுக்கல் அன்றே போயிற்று.

வேறு வேலைகளுக்கும் இதே விசாரணை பொருந்தும். டைமிங் பெல்ட் மாற்றிய பின் பிக்கப் குறைந்தால் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டரையோ த்ராட்டில் பாடியையோ சுத்தம் செய்த பின் ஐடிலிங் ஏறி இறங்கினால், மாட்டாமல் விட்ட வேக்யூம் ஹோஸ் என்ற காற்றுக் குழாய்தான் பெரும்பாலும் காரணம்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பிப் போய், ஜாப் கார்டையும் பிளக் வாங்கிய பில்லையும் முன்னால் வைத்துப் பேசினேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆயினும் அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. உரிமையாளர் பிளக்குகளின் விலையைத் திருப்பித் தந்தார், எலக்ட்ரீஷியன் வாங்கிய கூலியையும் ஏற்றுக்கொண்டார். பெயின்ட் எதற்கு என்று கேட்டதற்கு மட்டும் சற்றுச் சிரித்துக்கொண்டார்: "கழுவி பெயின்ட் அடிக்காமக் குடுத்தா, கியர்பாக்ஸை இறக்கவே இல்லைனு சொல்றவங்க இருக்காங்க சார்."