30 பாகைக்கு மேலே

பனிக்குள்ளிருந்து "வும்" என்று ஒரு சத்தம். டாவோஸுக்கு மேலே, பனிச்சறுக்குப் பலகையான ஸ்கீயின் அடியில் வழுக்காமல் இருக்கத் தோல் எனும் பட்டையை ஒட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தோம், நல்ல வெயில். முன்னால் போன சுவிஸ் நண்பர் நின்று கையைக் காட்டினார். அவ்வளவுதான், எல்லோரும் திரும்பிவிட்டோம். உச்சி கண்ணுக்கு முன்னாலேயே நின்றது, எனக்கு மனசே ஆறவில்லை.

அடியில் பழைய பனி சர்க்கரை மாதிரி உதிரியாகக் கிடக்குமாம். அதன்மேல் காற்று அள்ளிக்கொண்டு வந்த பனி பலகையாக இறுகிவிடும். நம் பாரத்தில் அந்த உதிரி அடுக்கு நொறுங்குகிற சத்தம்தான் அது. சரிவு 30 பாகையைத் தாண்டினால் பலகை மொத்தமாகக் கழன்று பனிச்சரிவாக வந்துவிடலாம். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்க வேண்டும், அதுவும் கூட வந்தவர்கள்தான்.

நம்மிடம் வாசல் தாண்டுகிறவரை "எங்கே போறே?" என்று கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும். இங்கே எந்த மலை, வடக்கு பார்த்த சரிவா, எத்தனை பாகை, புதைந்தால் கண்டுபிடிக்க நெஞ்சில் கட்டிய தேடுகருவி வேலை செய்கிறதா என்று கேட்டு முடித்துத்தான் கிளம்புகிறார்கள். டாவோஸில் இருக்கிற ஆய்வு நிறுவனம் குளிர்காலம் முழுக்க மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை விடுகிறது, ஆபத்து 1 முதல் 5 வரை. உயிர் அதிகம் போவது 3இல்தான், ஏனென்றால் அன்றைக்கும் ஆட்கள் மலை ஏறுகிறார்கள். இப்போது இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது, நானே முதல் ஆளாகக் கேட்கிறேன்.

ஆனால் அறிக்கையைத் திறக்கும்போதெல்லாம் இலங்கை மலையகத்தின் மீரியபெத்த தேயிலைத் தோட்டம் வந்து நிற்கிறது. 2014 அக்டோபர் 29 காலை, பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், மலை இறங்கி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்து என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். சொன்னார்கள் சரி, போய் இருக்க நிலம் யார் கொடுத்தது? பொழுதுபோக்குக்கு மலை ஏறுகிற எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை எச்சரிக்கை, திரும்பிப்போக ஒரு வீடு. கொழுந்து பறிக்கிற சனத்துக்கு அந்தச் சரிவுதான் வீடு.

இப்போது ஊரிலும் மண்சரிவுக்கு அளவு வைத்திருக்கிறார்கள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் கவனம், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். ஐப்பசி மழை பிடித்தால் தங்கச்சிக்குப் போன் எடுத்து எத்தனை ஆச்சு என்று கேட்பேன். "150 ஆனா எங்க அண்ணே போறது, கோயில் மண்டபத்துக்கா?" என்கிறாள். அந்த மண்டபமும் அதே சரிவில்தான் இருக்கிறது.