கண் கேட்டார், கோல் கிடைத்தது

பூண்டி ஊன்றீஸ்வரர் கோயிலில் நந்திக்கு ஒரு கொம்பு ஒடிந்திருக்கும். ஒடித்தவர் சுந்தரர் என்கிறார்கள். நாயன்மார் ஒருவர் கோயிலுக்குள் நின்று கோபத்தில் எதையோ வீசி எறிந்தார், அது போய் நந்தியின் மேல் விழுந்தது என்ற கதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அந்தச் சமயத்தில் எனக்கும் எதையாவது வீசி எறிய வேண்டும்போல்தான் இருந்தது.

என் மகனுக்கு ஏழு வயது. ஆட்டிசம். இன்னும் பேசவில்லை.

பேச்சு வராத பிள்ளையை வைத்திருப்பவர்களுக்குக் கோயில்களின் பட்டியல் தானாக வந்து சேரும். முதலில் எல்லோரும் சொல்வது சீர்காழி பக்கத்தில் இருக்கிற திருக்கோலக்கா. கையால் தாளம் போட்டுப் பாடிய ஞானசம்பந்தக் குழந்தைக்குச் சிவன் பொற்றாளம் கொடுத்த தலம். தாளத்துக்கு ஓசை கொடுத்தவள் அம்பாள், அதனால் அவளுக்கு ஓசை கொடுத்த நாயகி என்று பெயர். போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். அப்புறம் திருச்செந்தூர். குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாமல் இருந்து, முருகன் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்ற கதையைச் சொல்லாத உறவினர் கிடையாது. “அஞ்சு வயசு வரைக்கும் பேசலியாம், பாரேன், அப்புறம் எப்பேர்ப்பட்ட புலவர்!” ஐந்து வயது வரும்வரை அந்தக் கதை எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆறாவது பிறந்தநாளுக்குப் பிறகு அதை யாராவது ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

நாக்கில் வசம்பு தடவினோம், தேன் தடவினோம். வழிபாடு, விரதம், காணிக்கை முடிந்து வைத்தது எல்லாம் ஆயிற்று. கடைசியில் எல்லோரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: “பொறுமையா இரும்மா, அவன் சோதிப்பான், கைவிட மாட்டான்.” சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பது என்று அவர்கள் நினைக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அப்பாவிடம் ஒருநாள் இதைக் கொட்டித் தீர்த்தேன். அவர் ரிட்டயர் ஆனபின் தேவாரம் கற்றுக்கொண்டவர், எதற்கும் ஒரு பதிகம் கையில் வைத்திருப்பார். “உன்னை யாரும்மா வாயை மூடச் சொன்னது? சுந்தரர் மூடினாரா? வா, பூண்டிக்குப் போயிட்டு வரலாம்” என்றார்.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். திருவாரூரில் மனைவி பரவையார் இருக்க, திருவொற்றியூரில் சங்கிலியாரை விரும்பினார் சுந்தரர். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். சத்தியத்தைக் கோயிலுக்குள் செய்கிறேன், அந்த நேரம் மட்டும் நீர் வெளியே மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே ஏற்பாடு பேசினார் மனிதர். சிவனோ சங்கிலியாரின் கனவில் போய், சத்தியத்தை மகிழடியில் கேள் என்று சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்டார் சிவனின் தோழர். பின்னால் வசந்தம் வந்து, ஆரூரின் விழா நினைவு வந்து, ஒற்றியூர் எல்லையைத் தாண்டினதும் இரண்டு கண்ணும் போயிற்று.

இதற்கு அப்புறம் நடந்ததைத்தான் நான் சரியாகக் கவனித்ததில்லை. கண் போன இடத்திலேயே உட்கார்ந்து, கண் வரும் வரை நகரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. திருவாரூருக்குக் கிளம்பியவர் திருவாரூருக்கே நடந்தார். வழியில் வந்த ஒவ்வொரு கோயிலிலும் நின்று கேட்டார். முதலில் வட திருமுல்லைவாயில். அம்பத்தூரில் இருக்கும் எங்களுக்கு அது பக்கத்துக் கோயில். எருக்கந்தூண்களைப் பார்க்கிறோம், மாசிலாமணீஸ்வரரைக் கும்பிடுகிறோம், வீட்டுக்கு வருகிறோம். அங்கே நின்று ‘படுதுயர் களையாய் பாசுபதா பரஞ்சுடரே’ என்று பாட்டுக்குப் பாட்டு கெஞ்சியிருக்கிறார் ஒருவர். கண் வரவில்லை. பதில்கூட வந்ததாகத் தெரியவில்லை. அடுத்த ஊருக்கு நடந்தார். அந்த அடுத்த ஊர்தான் திருவெண்பாக்கம், இன்றைய பூண்டி.

திருவள்ளூர் வரை ரயில், அங்கிருந்து ஆட்டோ. வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க வேண்டும் என்று அப்பா இறங்கினார். நோய் கரையட்டும் என்று செய்கிற வழக்கம். என் மகனுக்கு இருப்பது நோயா என்று நான் கேட்க வாயெடுத்தேன். என் முட்டிவலிக்கு என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கரைத்தார்.

பூண்டியில் இப்போது நாம் பார்ப்பது பழைய இடத்துக் கோயில் இல்லை. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே சென்னையின் குடிநீருக்காக அணை கட்டி, 1944இல் நீர்த்தேக்கம் வந்தபோது பழைய தலம் தண்ணீருக்குள் போயிற்று. சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அதுதான். மூர்த்திகளை எடுத்து வந்து வேறு இடத்தில் கோயில் கட்டி 1968இல் குடமுழுக்கு செய்திருக்கிறார்கள். நாங்கள் அம்பத்தூரில் குழாயைத் திறந்து குடிக்கிற தண்ணீரில் அந்த ஏரியின் பங்கும் உண்டு. சுந்தரர் நின்ற மண் அதற்கு அடியில் இருக்கிறது என்று அப்பா சொன்னபோது கொஞ்ச நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டமில்லாத நாளாகப் பார்த்துத்தான் போயிருந்தோம். மணியோசை கேட்டால் இவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். அன்று பிரகாரத்தில் இன்னொரு குடும்பமும் ஒரு நாயும்தான். சின்ன, அமைதியான கோயில். சந்நிதிக்கு முன்னால் நந்தி, கொம்பு ஒடிந்த பக்கம் நன்றாகவே தெரிகிறது. சுந்தரருக்கும் அங்கே சிலை இருக்கிறது. அப்பா மெல்லிய குரலில் பாடினார்.

‘பிழையுளன பொறுத்திடுவர் என்றடியேன் பிழைத்தக்கால்’ என்று தொடங்குகிறது இந்த ஊர்ப் பதிகம். தப்பு செய்தால் நீ பொறுத்துக்கொள்வாய் என்று நம்பித்தானே தப்பு செய்தேன், பழி வருமே என்று பார்க்காமல் என் கண்ணை மறைத்துவிட்டாயே என்கிறார். எப்படிப்பட்ட வாதம் பாருங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிற அதே வாக்கியத்தில் பழியைத் தூக்கி எதிராளி தலையில் வைத்துவிடுகிறார். அப்படியே நகர்ந்து, கோயிலுக்குள்தான் இருக்கிறாயா என்று ஒரு கேள்வி. கண் தெரியாதவர் கேட்கிற கேள்வி அது, கேலியும் கலந்திருக்கிறது. உள்ளேயிருந்து பதில் வந்தது: ‘உளோம் போகீர்.’

இருக்கிறோம், போய்வாரும். அவ்வளவுதான்.

“தோழன்கிட்ட பேசுற பேச்சாம்மா இது?” என்றார் அப்பா. பின்னால் இவருக்காகப் பரவையாரிடம் தூது போகப்போகிறவர் அந்தச் சிவன், ஒரு ராத்திரியில் இரண்டு முறை. அவர்தான் இப்போது வாசலில் வந்து நிற்கிற யாரோ ஒருவரை அனுப்புவதுபோல அனுப்புகிறார். கண் கொடுக்கவில்லை. கையில் ஒரு ஊன்றுகோல் கொடுத்தார். ஒற்றியூர்ப் பதிகம் ஒன்றில் சுந்தரரே, என் கண்ணை எடுத்துக்கொள்வதுதான் உன் கணக்கு வழக்கு என்றால் ஊன்றுகோலாவது கொடு என்று கேட்டிருக்கிறார். கேட்டதைத்தான் கொடுத்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனாலும் கண் போன மனிதன் கையில் கோலைக் கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம்? இப்படியே நடந்து பழகிக்கொள் என்பதுதானே. கோபத்தில் அதை வீசினார், நந்தியின் கொம்பு போயிற்று என்பது தலபுராணம். பெரியபுராணத்தில் சேக்கிழார் இந்த வீச்சைச் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் சேர்த்துக்கொண்டதாகவே இருக்கட்டும், நான் நம்புகிறேன்.

எங்களுக்கும் ஒரு கோல் வந்தது, இரண்டு வருடத்துக்கு முன்னால். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் படம் ஒட்டிய சின்னச் சின்ன அட்டைகளை ஒரு வளையத்தில் கோத்துக் கொடுத்தாள். தண்ணீர், தோசை, ஊஞ்சல், போதும், வலிக்கிறது. வேண்டியதை எடுத்து நீட்டினால் போதும். வீட்டில் பெரிய ரகளை. “அட்டையைக் காட்டிப் பழகிட்டா அப்புறம் வாயே திறக்க மாட்டான்” என்று என் மாமியார் அதை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டார். அட்டை பேச்சைத் தடுக்காது, பேச்சு வருகிற வரைக்கும் பிள்ளை தவிக்காமல் இருக்க இதுதான் வழி என்று அந்தப் பெண் வீட்டுக்கே வந்து பொறுமையாக விளக்கினாள். இப்போது இவன் அட்டை இல்லாமல் வெளியே வருவதில்லை. இடுப்பில் ஒரு பையில் தொங்கும்.

குருக்கள் தீர்த்தம் கொடுத்தார். இவனுக்குப் பச்சைக் கற்பூர வாசனை பிடித்துவிட்டது. பையைத் திறந்து, அட்டைகளைப் புரட்டி, தண்ணீர் படத்தை எடுத்து குருக்கள் முகத்துக்கு நேரே நீட்டினான். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னும் வேணுமாடா?” என்று கேட்டு ஒரு உத்தரணி ஊற்றினார். மறுபடி நீட்டினான், மறுபடி ஊற்றினார். அப்பாவுக்குக் குரல் அடைத்துக்கொண்டது, பதிகத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். சுந்தரர் சத்தியத்தை மீறினார், கண் போயிற்று. என் பிள்ளை எதையும் மீறவில்லை. முன்ஜென்ம வினை என்று யாராவது சொன்னால் நான் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதில்லை. அவர் கதையை எங்கள் கதைமேல் அப்படியே போர்த்த முடியாது. எனக்கு அவரிடம் வேண்டியது அந்த நடைதான். பதில் வராத இடத்திலும் நடை, வந்த பதில் பிடிக்காதபோதும் நடை, போகிற வழியெல்லாம் சண்டை. கோயிலை விட்டுக் கிளம்பினவருக்கு இங்கே அம்பாள் மின்னல்போல ஒளி காட்டி வழி விட்டாள் என்பார்கள். அவள் பெயர் மின்னொளி அம்மை. கண் தெரியாதவருக்கு எதற்கு வெளிச்சம் என்று கேட்டேன். கூட வந்த அடியார்களுக்கு வேண்டாமா என்றார் அப்பா.

பூண்டியிலிருந்து பழையனூர்த் திருவாலங்காடு, அப்புறம் காஞ்சிபுரம். அங்கே ஏகாம்பரநாதர் கோயிலில் இடக்கண் மட்டும் வந்தது. அதற்கே ‘காணக் கண் அடியேன் பெற்றவாறே’ என்று துள்ளுகிறார். அப்புறமும் நிற்கவில்லை. குத்தாலம் என்று இன்று நாம் சொல்கிற காவிரிக்கரைத் திருத்துருத்தியில் குளத்தில் மூழ்கி உடம்பு நோய் தீர்ந்தது. திருவாரூருக்குப் போய்ச் சேரும்வரை வலக்கண் வரவில்லை.

அங்கே பாடிய பதிகம்தான் ‘மீளா அடிமை’. நம்புங்கள், தேவாரத்தில் இப்படி ஒரு பேச்சு வேறெங்கும் இருக்குமா தெரியாது. உனக்கே ஆளாகி, வேறு யாரிடமும் போகாமல், உள்ளே கனன்று, முகம் வாடி, அடியார் தங்கள் துன்பத்தைச் சொன்னால் நீர் பேசாமல் உட்கார்ந்திருப்பீர், நல்லது, ‘வாழ்ந்து போதீரே’ என்கிறார். இன்னொரு கண்ணைத் தராவிட்டால் போகிறது, வாழ்ந்து போம். கண் தெரியாமல் குன்றில் முட்டிக் குழியில் விழுந்தால் விழுகிறோம், நீர் வாழ்ந்து போம். நடுவில் ‘கன்று முட்டி உண்ணச் சுரந்த காலி’ என்று ஒரு வரி. முட்டுகிற கன்றுக்குத்தான் பசு சுரக்கும். வலக்கண் கிடைத்தது இந்தப் பாட்டுக்குத்தான்.

எங்களுக்கு அடுத்தது திருவாலங்காடு. அம்பத்தூரில் ஏறினால் அரக்கோணம் லோக்கலே அங்கே நிற்கும், காரைக்காலம்மையாரையும் பார்த்துவிடலாம். காஞ்சிபுரம் கோடை விடுமுறையில். திருவாரூருக்குத் தேதி குறிக்கவில்லை. அங்கே மீளா அடிமையை நீதான் பாட வேண்டும், நான் பாட மாட்டேன் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாதிப் பதிகம்தான் மனப்பாடம் ஆகியிருக்கிறது. இரண்டாவது பாட்டில் ‘மற்றைக் கண்தான் தாராதொழிந்தால்’ என்ற இடத்தில் எனக்குத் தாளம் தவறுகிறது, அதை மட்டும் தினமும் சாயங்காலம் போனில் திருத்திக்கொண்டிருக்கிறார்.