சாக்சஃபோனுக்கு எந்த எண் ரீட்?

சாக்சஃபோனை ஊதும்போது அதிர்ந்து ஒலியெழுப்பும் மெல்லிய தகடான ரீட்டின் எண் கூடக்கூட வாசிப்பவரின் தகுதியும் கூடுகிறது என்ற எண்ணத்தைப் பள்ளி இசைக்குழுப் பிள்ளைகள் சிலரிடம் காணும்போது வருந்துகிறேன். அந்த எண் விறைப்பை மட்டுமே குறிக்கிறது. நிறுவனங்களுக்கிடையே பொது அளவுகோல் இல்லாததால், வாண்டோரன் 2.5-ஐயும் வேறொரு நிறுவனத்தின் 2.5-ஐயும் ஒன்றெனக் கொள்ள இயலாது.

முதலில் கவனிக்க வேண்டியது, வாயில் வைத்து ஊதும் பகுதியான மௌத்பீஸின் முனைத் திறப்பு, அதாவது அதன் முனைக்கும் ரீட்டின் முனைக்கும் இடையிலுள்ள இடைவெளி. அது அகலமாக இருந்தால் ரீட் கூடுதல் தூரம் வளைந்து அதிர வேண்டியிருப்பதால் மென்மையானதும், குறுகலாக இருந்தால் சற்று விறைப்பானதும் பொருந்தும். தொடக்கநிலையினருக்குப் பெரும்பாலும் 2 அல்லது 2.5 போதும். காற்றிரைச்சல் கலந்து, கீழ்ச்சுரங்கள் எழத் தயங்கினால் விறைப்பு மிகுதி. மேல்ஸ்தாயியில் சுருதி தாழ்ந்து, பலமாக ஊதும்போது ரீட் மூடிக்கொண்டால் விறைப்பு போதவில்லை. கத்ரி கோபால்நாத் உலகறியச் செய்த கர்நாடக சாக்சஃபோனை வாசிக்க விழைவோர், கமகத்துக்காகச் சுரத்தை உதட்டால் வளைக்க மென்மையான ரீட் எளிதில் இடம்கொடுப்பதையும் கருத வேண்டும்.

சிங்கப்பூரில் குளிரூட்டிய அறைக்கும் வெளிப்புழுக்கத்துக்கும் இடையே மாறிமாறிச் செல்லும் நாணல் ரீட்டின் முனை நெளியக்கூடும். ஒரே பெட்டியிலுள்ள ரீட்டுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், நன்கு நனைத்து, இரண்டு மூன்று ரீட்டுகளைச் சில நாள்கள் மாற்றிமாற்றி வாசித்த பின்னரே எண்ணை மாற்றுவது பற்றி முடிவெடுங்கள்.