பல் செட்டை ராத்திரி கழட்டி வைக்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருக்கேன், வயசு 59. இனிப்பு நீர், அதான் சக்கர வியாதி, இருக்கறதால ஈறு கெட்டு ஒவ்வொண்ணா ஆட ஆரம்பிச்சு, போன வருசம் மிச்சமிருந்த ஏழு பல்லையும் புடுங்கியாச்சு. வயசானா போறதுதானேன்னு எல்லாரும் சாதாரணமா சொன்னாங்க. எனக்கு அப்படி இல்ல. எங்கம்மா தோட்டத்துல பால்மரம் சீவினவங்க, நாப்பது வயசுலயே பல்லு இல்லாம போய் சிரிக்கறப்பல்லாம் முந்தானையால வாய மூடிக்குவாங்க, அந்த முகம் கண்ணாடில எனக்கே வந்து நின்னப்ப அழுதுட்டேன்.

ஒரு தனியார் கிளினிக்ல மேலயும் கீழயும் முழு செட்டு போட்டாங்க. பழகிடும்னு ஒரே வார்த்தை, அவ்வளவுதான். வாய் பூரா எச்சி, குமட்டல், 'ச' வர்ற வார்த்தையெல்லாம் காத்தா போச்சு, கீழ் செட்டு நாக்க அசைச்சா எழும்பிடும். ஆனா என்னோட பெரிய பயம் வேற. வீட்டுக்காரர் என்னை பல்லில்லாம பாத்துடக் கூடாது. அதனால கழட்டாமலே தூங்கினேன், மாசக்கணக்கா, அவர் பக்கம் திரும்பாம.

மேலண்ணம் செவந்து எரிய ஆரம்பிச்சதும் அரசாங்க பல் கிளினிக்குக்குப் போனேன். அங்க இருந்த டாக்டர் நம்ம தமிழ்ப் பொண்ணு, வாயப் பாத்துட்டு, "ராத்திரி கழட்டறீங்களாம்மா?"ன்னு கேட்டுச்சு. நான் பேசல. "செட்டு இல்லாத உங்க முகத்த வீட்ல யாராச்சும் பாத்திருக்காங்களா?" அதுக்கு மேல என்னால அடக்க முடியல.

ராத்திரியும் போட்டிருந்தா பூஞ்சை வரும், இனிப்பு நீர்க்காரங்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும்னு சொல்லி மருந்து குடுத்துச்சு, கழட்டி தேய்ச்சு கழுவி தண்ணில போட்டு வைக்கச் சொல்லுச்சு. மேல் செட்டு அண்ணம் பூரா ஒட்டி நிக்கும், கீழ் செட்டுக்கு அந்த பிடிமானம் கிடையாது, அது அசையத்தான் செய்யும், நாக்கும் கன்னமும் அத புடிச்சு வைக்க கத்துக்கணும், சொந்தப் பல்லு மாதிரியே இருக்கும்னு எதிர்பாத்தீங்கன்னா தினமும் ஏமாந்துதான் போவீங்கன்னு வெளிப்படையா சொல்லுச்சு. எச்சி ஊறுனது கூட வாய் அத சாப்பாடுன்னு நெனச்சுக்கிட்டதாலயாம். இதையெல்லாம் செட்டு போடறதுக்கு முன்னாடியே யாராச்சும் சொல்லிருந்தா நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன், இத நான் கோவமாவே எழுதறேன். என் வாய்தான் கெட்ட வாய்னு அத்தன மாசமும் நம்பிக்கிட்டிருந்தேன். பல்லு போன துக்கமும் செட்டு மேல இருக்கற நம்பிக்கையும் பழகறதுல பெரிய பங்குன்னு அந்தப் பொண்ணு சொன்னப்பதான் மனசு லேசாச்சு.

அன்னிக்கு ராத்திரி லைட்ட அணைக்காம கழட்டி டப்பால போட்டேன். கை நடுங்குச்சு. அவர் பாத்துட்டு, "இதுக்கா இத்தன மாசம் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்த?"ன்னு கேட்டார், அப்புறம் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் எங்கம்மாவப் பத்தி பேசிக்கிட்டிருந்தோம்.

அதுக்கப்புறம் வேகமா பழகிருச்சு. தினமும் காலைல மக்கள் ஓசை பேப்பர சத்தம் போட்டு படிச்சேன், 'ச' மூணு வாரத்துல திரும்பி வந்துச்சு. சாப்பாட்ட சின்னதா பிச்சு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல மெல்லணும், ஒரு பக்கம் மட்டும் மென்னா செட்டு சாயும். முதல்ல கஞ்சி, இடியாப்பம், இப்ப ரொட்டி சானாய் வரைக்கும் வந்துட்டேன். முறுக்கு இன்னும் முடியல. பல்லு புடுங்கின முதல் வருசம்தான் எலும்பு ரொம்ப சுருங்குமாம், செட்டு லூசாயிருக்கு, உள்பக்கம் புதுசா ஊத்தி சரி பண்ண அடுத்த மாசம் வரச் சொல்லிருக்காங்க, இந்த தடவ அவரும் கூட வர்றார்.