ஒரு செய்தி எங்கே முடிகிறது? ஐஸ்கசி பைட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன்

சேலம் கொரிமேட்டில் இருக்கும் என் பழைய கணினியின் வட்டை, ஏற்காட்டில் தம்பியின் மடிக்கணினிக்கு ஐஸ்கசி (வட்டுக்கான கட்டளைகளை வலையமைப்பில் அனுப்பும் நெறிமுறை) வழியாகக் கொடுத்திருக்கிறேன். நடுவில் வயர்கார்டு என்ற மறையாக்க இணைப்பு. வேகத்தை எதிர்பார்த்து அல்ல. வட்டுக்கான கட்டளைகள், இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறைக்குள் எப்படிப் போய்வருகின்றன என்று பைட் பைட்டாகப் பார்க்கும் ஆசை.

டிசிபிக்குச் செய்தி என்று ஒன்று கிடையாது. பைட்டுகளின் வரிசைதான் தெரியும். ஒரு கட்டளை நான்கு துண்டாக வரும். இரண்டு கட்டளைகள் ஒரே துண்டில் ஒட்டிக்கொண்டும் வரும். மலையில் மழை பிடித்து இணைப்பு தடுமாறியபோது, “அண்ணா, பாக்கெட் தொலைந்தால் கட்டளைகளின் எல்லையும் நகர்ந்துவிடாதா?” என்று தம்பி கேட்டான். நகராது. தொலைந்ததை மறுபடி வாங்கி, வரிசைப்படுத்திய பிறகே டிசிபி மேலே கொடுக்கும்.

எல்லையைச் சொல்வது ஒவ்வொரு ஐஸ்கசி செய்தியின் தொடக்கத்திலும் வரும் 48 பைட் தலைப்பு. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 5, 6, 7ஆம் பைட்டுகளில் தரவின் நீளம் இருக்கிறது. தரவு நான்கின் மடங்காக இல்லாவிட்டால் பின்னால் நிரப்பு பைட்டுகள் வரும். அவை அந்த நீளத்தில் சேராது. என் பைத்தான் நிரல் இதையெல்லாம் கூட்டி அடுத்த தலைப்புக்குத் தாவுகிறது.

அதன் பிறகுதான் சுவாரசியம். பதிவுசெய்த கோப்பில் 4096 பைட் எழுதும் ஒரு கட்டளையை எடுத்தேன். நீளம் ஹெக்ஸில் (பதினாறடி எண்முறையில்) 00 10 00. ஒரே ஒரு பிட்டைத் திருப்பி 00 30 00 ஆக்கினேன். நிரல் 12288 பைட் என்று நம்பி, பின்னால் வந்த 8192 பைட்டையும் விழுங்கியது. அதற்குப் பிறகு அது தலைப்பு என்று படித்தது எதுவுமே தலைப்பு இல்லை. தானாக மீளவும் வழியில்லை. தலைப்புக்கான சிஆர்சி32சி சரிபார்ப்பை (பைட்டுகளிலிருந்து கணக்கிட்டு, பிழையைக் காட்டிக்கொடுக்கும் எண்) சேர்த்து எடுத்த பதிவில் அதே பிட்டைத் திருப்பினால், தரவைத் தொடும் முன்பே பிழை பிடிபடுகிறது. இணைப்பை முறித்து மறுபடி உள்நுழைவதே அப்போது நேர்மையான வழி. இந்தச் சரிபார்ப்பு கட்டாயம் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஐஸ்கசியை வரையறுத்து 2004இல் வந்த ஆர்எஃப்சி 3720 என்ற இணையத் தர ஆவணம், சீரான இடைவெளியில் குறிகளைச் செருகி அடுத்த தொடக்கத்தைக் காட்டும் முறையையும் விருப்பத்தேர்வாக வைத்திருந்தது. 2014இன் ஆர்எஃப்சி 7143 அதை நீக்கிவிட்டது. நல்ல முடிவு என்பேன்: தரவின் நடுவே குறி விழுந்தால், அதைப் பிரித்தெடுத்துத் தரவைத் திரும்ப ஒட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து, டிசிபி மீதான என்விஎம்இ; இதுவும் வட்டுக்கான கட்டளைகளை அனுப்பும் நெறிமுறைதான். அதில் முதல் எட்டு பைட்டுகளின் கடைசி நான்கில் மொத்த நீளமும் நிரப்பு உட்பட வந்துவிடுகிறது. கூட்டல் வேலை மிச்சம். ஆனால் ஐஸ்கசிக்கு நேர்மாறாக, மதிப்பில் குறைந்த இடத்தின் பைட் முதலில் வரும். வாசிக்கும் பகுதியைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன்.